இருபத்தாறு கண்ணி

வாரத்தில் மூன்று நாளுக்குத்தான் இனி இலை
என்றார் பீடிக்கடையில் ஆவுடையப்பன்.
மிச்ச நாலு நாளும் என் விரல்கள்
எதையாவது சுருட்டிக்கொண்டே இருந்தன.
போர்வை ஓரம், பஸ் டிக்கெட்,
ஒருநாள் ராத்திரி மகனின் காது.
"யம்மா, விடு" என்றான் தூக்கத்தில்.

அதனால்தான் வாங்கினேன்.
டவுனில், கீழ ரத வீதியில்
வளையல் கடைக்கு உள்ளே இருந்த இன்னொரு கடையில்
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு உல்லன் பந்து.
"வெளிய நூத்திநாலு டிகிரி அடிக்கி,
பொம்மைக்கா வாங்குதிய?"
ஆமா என்றேன்.

ஊசி இல்லை அவரிடம்.
முக்கூடலில் சைக்கிள் கடை பிச்சையா
ரெண்டு கம்பியை நறுக்கி, நுனியை உரசி,
மறுமுனையில் வால்டியூப் துண்டை மாட்டிக் கொடுத்தான்.
காசு வேண்டாமாம்.
"முடிஞ்சதும் அது என்னன்னு மட்டும் சொல்லிருங்க."

போனில் ஒருத்தி செய்து காட்டினாள்.
அவள் பாஷை தெரியாததால் சத்தத்தை அணைத்துவிட்டேன்.
முகம் இல்லை, கை மட்டும்.
தூள் ஏறாத நகம்.
நுழைத்தாள், சுற்றினாள், இழுத்தாள்,
பழசை நழுவவிட்டாள்.
அவ்வளவுதானா என்றிருந்தது.

இருபத்திரண்டு வருஷம்
நாளுக்கு ஆயிரம் முடிச்சு போட்ட கை.
டிவியில் மாமியார் சண்டையைப் பார்த்தபடி,
கரண்ட் போன இருட்டில்,
காய்ச்சலில்.
அந்தக் கைக்கு இந்தக் கம்பி பிடிபடவில்லை.
முதல் வரி இறுகி, நகரவே மாட்டேன் என்றது.
நூல் விரலில் பட்டால் இறுக்கு,
அவிழ்ந்தால் கூலி போச்சு:
கைக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான்.

சித்திரை மதியம். வேர்வையில் உல்லன் விரலோடு ஒட்டியது.
பக்கெட் தண்ணியில் காலை வைத்துக்கொண்டு பின்னினேன்.
எதிர்வீட்டு இசக்கியம்மை எட்டிப் பார்த்தாள்.
"என்னட்டி இது, அயிரைக்கு வலையா?"
"ஆமாக்கா. ஆத்துல போடணும்."

மூன்றாம் நாள் எண்ணினேன்.
இருபது கண்ணியில் தொடங்கியது
இருபத்தாறாக இருந்தது.
வாய்விட்டு மறுபடி எண்ணினேன். இருபத்தாறு.

நான் கொண்டுபோகும் ஆயிரம்
ஆவுடையப்பன் மேசையில் எப்போதும் குறையும்.
இது மெலிவு, இது கிழிசல், இதுக்கு வாய் சரியில்ல.
கூடிப்போன எதையும்
என் கையில் நான் பார்த்ததில்லை.

எங்கிருந்து வந்தன இந்த ஆறும்?
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
சும்மா கம்பிமேல் கிடந்த நூலைக்
கண்ணி என்று நம்பிப் பின்னியிருக்கிறேன்.
ஓர் இடத்தில் ஒரே இழையைக் குத்தி
ரெண்டாக்கியிருக்கிறேன்.
என் தப்பெல்லாம் ஆளுக்கொரு இடம் பிடித்து
வரிசையில் நின்றுகொண்டிருந்தது.
கீழே குறுகி மேலே விரிந்த அந்தத் துண்டை
மடியில் போட்டுப் பார்த்தால்
அப்படியே என் பீடிச் சுளகு.

சிரித்துக்கொண்டிருந்தபோதே
மகன் நுனியைப் பிடித்து இழுத்தான்.
கத்தினேன். அதற்குள் பாதி போயிருந்தது.
முடிச்சே இல்லையே உள்ளே!
மிச்சத்தை நானே இழுத்தேன்.
மூன்று நாள், சர்ரென்று,
நூடுல்ஸ் மாதிரி நெளிந்து தரையில் கிடந்தது.
யாரும் எதையும் என் பாஸில் கழிக்கவில்லை.

சனிக்கிழமை கடைக்குப் போனேன்.
ஒரு கட்டை எடுத்து ஆவுடையப்பன் உருட்டினார்.
நூல் நழுவி, பீடி வாய் பிளந்தது.
இன்னொன்று. அதுவும்.
"முடிச்செல்லாம் தொளதொளன்னு கெடக்கே,
கை நடுங்குதோ?"
நாற்பது கழிச்சல்.
ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

ராத்திரி
சைக்கிள் கம்பியை எடுத்து இருபது போட்டேன்.
அதே நெளிந்த நூல்.
நுழைத்து, சுற்றி, இழுத்து,
நழுவவிட்டேன்.
நகர்ந்தது.

நாளைக்குப் பிச்சையா கேட்பான்,
என்னக்கா அது என்று.